மாசம் 15ந்தேதி வர்ற ஆயிரம்: 28 தவணைக்கு அப்புறம் எங்க வீட்டு ரிவ்யூ

குடும்பத் தலைவிகளுக்கு தமிழ்நாடு அரசு மாசம் ஆயிரம் கொடுக்குற கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அம்மாவுக்கு வர ஆரம்பிச்சு 2025 டிசம்பரோட 28 தவணை ஆச்சு. மொத்தம் 28,000 ரூபா. போன வாரம் பாஸ்புக்குல எண்ட்ரி போட்டுட்டு வந்து திண்ணையில உக்காந்து ஒவ்வொரு வரியா பாத்தோம், எந்த மாசம் எதுக்கு எடுத்தோம்னு அம்மா மனப்பாடமா சொல்லிட்டே வந்தா, கேக்க கேக்க இதை எழுதியே ஆகணும்னு எனக்கு தோணிருச்சு. மிக்ஸி வாங்கணும்னா ரிவ்யூ படிக்கிறோம், செருப்பு வாங்கணும்னா ரிவ்யூ படிக்கிறோம். இந்த ஆயிரத்தைப் பத்தி மட்டும் அதை வாங்காதவங்க தான் நிறைய பேசுறாங்க, வாங்குற வீட்டுக்காரங்க எழுதி நான் பெருசா படிச்சதில்ல. அதனால இது வாங்குற வீட்ல இருந்து, நல்லதும் சொல்றேன் குறையும் சொல்றேன், கொஞ்சம் நீளமாவே போகும்.

நாங்க தென்காசி மாவட்டம். அம்மா பீடி சுத்துறா, கல்யாணத்துக்கு முந்தியே சுத்த ஆரம்பிச்ச கை. அப்பாவுக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை, ஐப்பசி கார்த்திகை மழை பிடிச்சுட்டா வேலையே கிடையாது. தம்பி பன்னெண்டாவது படிக்கான். அப்பாவோட அம்மா, ஆச்சி, எங்க கூட தான் இருக்கா. நான் டிகிரி முடிச்சுட்டு ஒரு ஹார்ட்வேர் கடையில பில் போடுறேன். அம்மா ஒரு நாளைக்கு அறுநூறு பீடி சுத்துவா, உடம்பு நல்லா இருந்தா எழுநூறு. ஆயிரம் பீடிக்கு பிடித்தம் எல்லாம் போக எங்களுக்கு 240 ரூபா கிட்ட கைக்கு நிக்கும். அப்போ ஆயிரம் ரூபாங்கிறது எங்க வீட்டு கணக்குல நாலாயிரம் பீடிக்கும் மேல. இலையை நனைச்சு, தகடு வச்சு வெட்டி, தூள் போட்டு சுருட்டி, நூல் கட்டி, சொளவை, அதாவது முறத்தை, மடியில வச்சு ஒரு வாரம் பூரா குனிஞ்சு உக்காந்தா வர்ற காசு. ஆயிரம் எல்லாம் இந்தக் காலத்துல ஒரு காசான்னு கேக்குறவங்களுக்கு இதை முதல்லயே சொல்லிடுறேன், மத்தது எல்லாம் இதுக்கு அப்புறம் தான்.

விண்ணப்பிச்ச கதையை சுருக்கமா சொல்லிடுறேன். 2023 ஜூலை 24ந்தேதி தருமபுரி மாவட்டம் தொப்பூர்ல முதல்வர் முகாமைத் தொடங்கி வச்சாரு, அப்புறம் ரெண்டு கட்டமா எல்லா ஊர்லயும் நடந்துச்சு. ரேஷன் கடைக்காரங்களே வீடு வீடா வந்து ஃபார்மும் டோக்கனும் கொடுத்துட்டுப் போனாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, யாரு காலையும் பிடிக்க வேண்டியதில்ல, யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதில்ல. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பொம்பள, 21 வயசு முடிஞ்சிருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள, நஞ்சைன்னா அஞ்சு ஏக்கர் புஞ்சைன்னா பத்து ஏக்கர் தாண்டக் கூடாது, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ள, கார் ஜீப் டிராக்டர்னு நாலு சக்கர வண்டி பேர்ல இருக்கக் கூடாது. இதுல எங்களை மடக்குனது எதுன்னா ஆச்சியோட பென்ஷன். வீட்ல ஒருத்தருக்கு முதியோர் பென்ஷன் வந்தா அந்த வீட்டுக்கே கிடையாதுன்னு முதல்ல ரூல் வச்சிருந்தாங்க. அந்தப் பென்ஷன் வாங்குறதால தானே மருமவளுக்கு இல்லைங்கான்னு ஆச்சி ஒரு வாரம் யார்கிட்டயும் சரியா பேசல, சாப்பாடு கூட பாதி தான் சாப்பிட்டா. ஆகஸ்ட் மாசம் அந்த ரூலைத் தளர்த்தி, பென்ஷன் வாங்குறவங்க வீட்ல தகுதி உள்ள வேற பெண்கள் விண்ணப்பிக்கலாம்னு சொன்னாங்க, சிறப்பு முகாமும் போட்டாங்க. அதுல தான் அம்மா போய் கொடுத்தா. ஒரே வீட்ல ஆச்சிக்கும் மருமவளுக்கும் நடுவுல ஒரு ரூல் என்ன பண்ணும்னு யோசிச்சு மாத்துனாங்களோ இல்லையோ, மாத்துனதுக்கு நன்றி.

அந்த வருஷம் 1 கோடியே 63 லட்சம் பேர் மனு கொடுத்ததுல 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேரைத் தேர்வு பண்ணுனாங்க. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு காஞ்சிபுரத்துல தொடக்க விழா. அதுக்கு முந்தியே கணக்கு சரியா இருக்கான்னு பாக்க ஒரு ரூபா போட்டுப் பாத்தாங்க. அம்மாவோட பட்டன் போன்ல மெசேஜ் வந்துச்சு, அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஏட்டி வந்திருக்கான்னு பாருன்னு போனை நீட்டுனா. ஒரு ரூவா வந்திருக்கும்மான்னு சொன்னேன். அவ அதுக்கே சந்தோஷப்பட்டா. ஏன்னா கூலி தவிர அவ பேர்ல வெளிய இருந்து யாரும் காசு போட்டதே அது தான் முதல் தடவை. அந்தக் கணக்கு நூறு நாள் வேலைக்குன்னு எப்பவோ திறந்தது, அந்த வேலைக்கு அவ நாலஞ்சு நாள் தான் போயிருப்பா, இடுப்பு வலி வந்து விட்டுட்டா.

ஆயிரம் 14ந்தேதியே வந்துருச்சு. ஆனா எடுக்கப் போனா முழுசா இல்ல. மினிமம் பேலன்ஸ் வைக்கலன்னு பேங்க்ல பாதிக்கு மேல பிடிச்சுட்டாங்க. அப்போ இது நிறைய பேருக்கு நடந்து பேப்பர்லயே வந்துச்சு, உரிமைத் தொகையில இப்படி கை வைக்கக் கூடாதுன்னு அரசாங்கமே பேங்க்குகளுக்கு சொன்னதும் அப்போ தான். எங்களுக்கு பிடிச்சது திரும்ப வரல. நானும் அம்மாவும் ரெண்டு தடவை போய் நின்னு அந்தக் கணக்கை ஜீரோ பேலன்ஸா மாத்திட்டு வந்தோம், அந்த ரெண்டு நாளும் அம்மாவுக்கு பீடி போச்சு எனக்கு காலேஜ் போச்சு. சேவையோட முதல் மாசத்துக்கு நான் மார்க் போடணும்னா ரொம்ப கம்மியா தான் போடுவேன். ஏழைங்க கணக்குல காசு இல்லங்கிறதுக்காகவே அவங்ககிட்ட காசு பிடிக்கிறது எந்த ஊரு நியாயம்னு இன்னைக்கும் எனக்குப் புரியல.

இப்போ மாறுனது என்னன்னு சொல்றேன். முதல் ரெண்டு மூணு மாசம் ஒண்ணும் மாறல, காசு வந்த அன்னைக்கே சாயங்காலம் காணாம போயிரும், பலசரக்கு கடை பாக்கிக்கு ஒரு ஐநூறு, சிலிண்டர்னு எடுத்து வச்சது, தம்பி ஸ்கூல்ல ஏதோ கேட்டது. மாறுனது நாலாவது மாசத்துல இருந்து, அதாவது இது நிஜமாவே மாசா மாசம் வரும்னு அம்மா நம்புனதுக்கு அப்புறம்.

அம்மாவுக்கு கண் மங்கி நாலஞ்சு வருஷம் இருக்கும். தூரத்துல நல்லா தெரியும், கிட்டத்துல தான் தெரியாது. பீடி சுத்துறதே கிட்டத்து வேலை தான். கடைசில வாய் மடக்கி நூலை ரெண்டு சுத்து சுத்தி இழுக்கணும், அந்த நூல் தலைமுடி கனம் தான் இருக்கும், அது அவளுக்குத் தெரியவே தெரியாது, விரல்லயே தடவித் தடவி சுத்திட்டு இருந்தா. சாயங்காலம் ஆனா வாசப்படிகிட்ட போய் உக்காந்துக்குவா, வெளிச்சம் இறங்க இறங்க அவளும் வெளிய வெளிய நகர்ந்து கடைசில தெருவுலயே உக்காந்திருப்பா. நூல் சரியா நிக்காத பீடியை, இலை கிழிஞ்சதை எல்லாம் கடையில கழிச்சுப் போட்டுருவாங்க, ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கழியும், கழிஞ்சதுக்கு கூலி கிடையாது ஆனா அதுக்கான இலையும் தூளும் அவ கணக்குல தான் ஏறும். கண்ணாடி வாங்கும்மா வாங்கும்மான்னு நான் சொல்லுவேன், பொறவு பாப்போம்னு சொல்லுவா. இலவச முகாமுக்கு போகச் சொன்னா ஒரு நாள் பீடி போகும்பா. கையில இருக்குற காசுல கண்ணாடி வாங்குறதுன்னா எதையாவது ஒண்ணை நிறுத்தணும், எதை நிறுத்துறதுன்னு தெரியாமலே நாலு வருஷம் ஓடிருச்சு.

2024 பிப்ரவரில ரெண்டு மாச ஆயிரத்தை சேத்து வச்சு தென்காசில போய் கண் டெஸ்ட் பண்ணி கண்ணாடி போட்டோம், எல்லாம் சேத்து 1,400 ரூபா. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சொளவை எடுத்து மடியில வச்சா. ஒரு பீடி சுத்தி நூலை இழுத்துட்டு அப்படியே நிறுத்திட்டா. நூலை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்துட்டு இருந்தா, நான் என்னம்மான்னு கேட்டேன், ஏட்டி இது செவப்பு நூலு, நான் இத்தனை நாளும் கறுப்புன்னு நெனச்சேம்னு சொன்னா. எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த வாரத்துல இருந்து கழிவு பத்துக்குள்ள வந்துருச்சு, தெருவுல போய் உக்காருறதும் நின்னுச்சு, தலைவலின்னு வாரத்துக்கு ரெண்டு மாத்திரை போடுவா அதுவும் நின்னுச்சு. கழிவு குறைஞ்சதுலயே மாசம் நூறு நூத்தம்பது ரூபா கூடுதலா வருது. அப்போ அந்த 1,400 ரூபா ஒரு வருஷத்துல திரும்பி வந்துருச்சுன்னு தானே அர்த்தம்? இதை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. ஆயிரம் ரூபா கொடுத்தா ஆயிரம் ரூபா செலவுன்னு மட்டும் தான் எழுதுவாங்க.

இன்னொன்னு, இதை சொல்றதுக்கு கொஞ்சம் கூச்சமா இருக்கு, ஆனா சொல்லணும். எங்க அப்பா நல்லவரு, குடிக்க மாட்டாரு, கையில இருந்தா கொடுத்துருவாரு. இருந்தாலும் அம்மா எதுவும் வேணும்னா கேக்கணும். பீடி காசு சனிக்கிழமை வரும், அது ஞாயித்துக்கிழமை கறிக்கும் காய்க்கும் குழு லோனுக்கும் போயிரும், அவளுக்குன்னு ஒண்ணு வாங்கணும்னா அப்பாகிட்ட தான் கேக்கணும், அவரு எதுக்குன்னு கேப்பாரு, கெட்ட எண்ணத்துல இல்ல, சும்மா வாய் வார்த்தையா தான் கேப்பாரு. அதுக்கு பதில் சொல்லணுமேன்னே அம்மா கேக்க மாட்டா. உள்பாவாடை கிழிஞ்சா தைச்சுத் தைச்சு கட்டுவா. எனக்கு நாப்கின் வாங்கணும்னா எனக்காக அவ அப்பாகிட்ட வேற ஏதோ சொல்லி காசு வாங்கிட்டு வருவா. இப்போ அந்த எதுக்குங்கிற கேள்வி எங்க வீட்ல இல்ல. அப்பா மாறிட்டாருன்னு இல்ல, அம்மா கேக்க வேண்டிய தேவை போயிருச்சு. போன தீபாவளிக்கு அவ கணக்குல இருந்து எடுத்து அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தா, அவரு அதை மடிப்பு கலையாம ரெண்டு நாள் பீரோவுலயே வச்சிருந்தாரு.

இதுக்கு உதவித் தொகைன்னு பேர் வைக்காம உரிமைத் தொகைன்னு வச்சது நல்ல விஷயம்னு நான் நினைக்கேன். வீட்ல பொம்பளைங்க பாக்குற வேலைக்கு சம்பளம் கிடையாது, அதுக்கான ஒரு அங்கீகாரம்னு அரசாங்கம் சொல்லித் தான் இதை ஆரம்பிச்சது. பேர்ல என்ன இருக்குன்னு சிலர் கேக்காங்க, ரேஷன் கடை வரிசையில நின்னு பாருங்க, என் உரிமைத் தொகை வந்துருச்சான்னு தான் பொம்பளைங்க கேக்காங்க, அரசாங்கக் காசு வந்துருச்சான்னு கேக்கல.

குழு லோன் பத்தியும் சொல்லணும். எங்க தெருவுல குழு லோன் இல்லாத வீடு இல்ல, எங்களுக்கும் வீட்டு ஓடு மாத்த வாங்குனது இருந்துச்சு, வாரா வாரம் தவணை. பத்து பேர் குழு, ஒருத்தி கட்டலன்னா மத்த ஒம்பது பேரும் அவ வீட்டு வாசல்ல வந்து உக்காரணும், அது தான் அந்த லோனோட அடமானம். மழை மாசத்துல அப்பாவுக்கு வேலை இல்லாதப்போ அம்மா அந்தத் தவணைக்காக பக்கத்துல நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கி கட்டுவா, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். இந்த ஆயிரம் வந்ததுக்கு அப்புறம் மழை மாசத்துல அந்த வட்டிக்காரம்மா வீட்டுக்கு அவ போகவே இல்ல. ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் கடன் முழுசா அடையாது, ஆனா இழுத்துப் பிடிக்கிற அந்த ஒரு வாரத்துக்கு அது போதும். வட்டிக்காரங்க பிழைக்கிறதே அந்த ஒரு வாரத்துல தான். போன வருஷம் லோன் முடிஞ்சுது, இப்போ மாசம் ஐநூறு ரூபா சீட்டு போடுறா, ஏலம் எடுத்து அடகுக்கடையில ஆறு வருஷமா கிடந்த கம்மலைத் திருப்பிட்டா.

இங்க நான் முக்கியமா சொல்ல வர்றது தேதியைப் பத்தி தான். பொங்கல் பரிசு வருது, வெள்ள நிவாரணம் வருது, எல்லாம் நல்லது தான், ஆனா எப்போ வரும் எவ்ளோ வரும்னு யாருக்கும் தெரியாது, வந்ததும் செலவாயிரும். மாசம் 15ந்தேதி ஆயிரம் வரும்னு தெரிஞ்சா மட்டும் தான் ஒரு சீட்டு போட முடியும், கண்ணாடிக்கு ரெண்டு மாசம் சேக்க முடியும், கடைக்காரர்கிட்ட 15ந்தேதி தாரேன்னு தலை நிமிந்து சொல்ல முடியும். அம்மா இப்பல்லாம் எதுக்கும் பதினஞ்சு கழியட்டும்னு தான் சொல்றா. 28 மாசத்துல ஒரு மாசம் கூட தவறல. லீவு நாள் வந்தா முந்தியே போட்டுருக்காங்க, பிந்தி வந்ததே இல்ல. நான் வேலை பாக்குற இடத்துல எனக்கே சம்பளம் இப்படி வந்ததில்ல.

இப்போ எதிர்ப்பா பேசுறவங்க சொல்றது. ஒரு கையால கொடுத்து மறு கையால டாஸ்மாக்ல வாங்கிருவாங்கன்னு சொல்றாங்க. குடிக்கிற ஆம்பளைங்க இருக்குற வீடுகள்ல பிடுங்கல் இருக்கு தான், எங்க தெருவுலயே ஒரு வீட்ல ஏடிஎம் கார்டை அந்த ஆளு வாங்கி வச்சிருந்தான், அந்த அக்கா பேங்க்ல போய் கார்டை பிளாக் பண்ணிட்டு பாஸ்புக்கை மட்டும் எங்க வீட்ல கொண்டு வந்து வச்சா, இப்பவும் எங்க பீரோவுல தான் இருக்கு. ஆனா ஏழைங்க கையில காசு கொடுத்தா குடிச்சே அழிச்சுருவாங்கங்கிறது சரியில்ல. பல நாடுகள்ல நடந்த இந்த மாதிரி திட்டங்களோட ஆய்வுகளை எல்லாம் தொகுத்து உலக வங்கியில இருந்து 2014ல ஒண்ணு வெளியிட்டாங்க, காசு கொடுத்ததால குடியோ புகையிலையோ கூடுறதில்லன்னு தான் அதுல வந்துச்சு. எனக்கு அந்த ஆய்வு வேண்டியதில்ல, எங்க தெருவே போதும். இன்னொரு பேச்சு, காசு கொடுத்தா வேலைக்குப் போக மாட்டாங்கன்னு. மாசம் ஆயிரத்துல யாருங்க வேலையை விடுவாங்க? கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் எங்கம்மா நாளைக்கு நூறு பீடி கூட தான் சுத்துறா.

ஆயிரம் போதுமான்னு கேட்டா போதாது. ஆரம்பிச்சப்போ ஆயிரம், 28 மாசம் கழிச்சும் அதே ஆயிரம். சிலிண்டர் விலை 2024ல குறைஞ்சுது, 2025 ஏப்ரல்ல மறுபடி 50 ரூபா கூட்டிட்டாங்க, இப்போ ஒரு சிலிண்டர் எடுத்து கொண்டு வர்றவருக்கும் கொடுத்தா ஆயிரத்துல நூறு ரூபா கூட மிஞ்சாது. எண்ணெய் அரிசி பருப்பு எல்லாம் ஏறிட்டே போவுது, காசு மட்டும் அங்கேயே நிக்குது. கர்நாடகாவுல 2023 ஆகஸ்ட்ல இருந்து கிருகலட்சுமின்னு மாசம் 2,000 கொடுக்காங்க, மத்தியப் பிரதேசத்துல ஆயிரத்துல ஆரம்பிச்சு 1,250 ஆக்கி, 2025 நவம்பர்ல 1,500 ஆக்குனாங்க, மேற்கு வங்கத்துல பொதுப் பிரிவுக்கு 2021ல 500ல ஆரம்பிச்சதை 2024ல ஆயிரம் ஆக்குனாங்க. மத்தவங்க ஏத்தும்போது நம்ம ஊர்லயும் விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்துறதுக்கு ஒரு வழி வைக்கணும், தேர்தலுக்குத் தேர்தல் பாத்து ஏத்தாம வருஷா வருஷம் தானா ஏறுற மாதிரி. 2025-26 பட்ஜெட்ல இதுக்கு 13,807 கோடி ஒதுக்குனாங்க, சின்ன காசு இல்ல எனக்கும் தெரியும், ஆனாலும் கேக்குறேன்.

ஒண்ணு மட்டும் சேத்து சொல்லிடுறேன், இந்த ஆயிரம் தனியா இதை எல்லாம் செய்யல. சாதாரண கட்டண அரசு டவுன் பஸ்ல 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்ல, மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக் குழு கணக்கு போட்டுச்சு. நான் அரசுப் பள்ளியில படிச்சதால காலேஜ்ல புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வந்துச்சு, என் பரீட்சை ஃபீஸ் எல்லாம் அதுல தான் கட்டுனேன். ரேஷன் அரிசி இருக்கு. இதெல்லாம் அடியில இருக்கப் போய் தான் அந்த ஆயிரம் கண்ணாடியா மாறுச்சு, இல்லைன்னா அரிசிக்கும் பஸ்சுக்குமே போயிருக்கும்.

பெரிய குறை விட்டுப் போனவங்க. எங்க சித்தி, அம்மாவோட தங்கச்சி, எங்களை விட கஷ்டப்படுற வீடு. சித்தப்பா ஒரு காலத்துல பழைய குட்டி யானை வண்டி வாங்கி லோடு அடிச்சாரு, ஓடல, 2019ல வித்துட்டாரு. வாங்குன ஆளு ஆர்சில பேரை மாத்தாமலே ஓட்டிட்டு இருந்திருக்கான். 2023ல சித்தி மனு தள்ளுபடி, காரணம் நாலு சக்கர வண்டி. முப்பது நாளைக்குள்ள இ-சேவையில மேல்முறையீடு பண்ணலாம், கோட்டாட்சியர் பாத்து முடிவு பண்ணுவாருன்னு சொன்னாங்க, நாங்களும் போட்டோம், வித்த பேப்பர் எதுவும் கையில இல்ல, அதுவும் நிக்கல. வண்டியே இல்லாத வீட்டுக்கு வண்டி இருக்குன்னு கம்ப்யூட்டர் சொன்னா கம்ப்யூட்டர் தான் ஜெயிக்கும். வீட்டுக்கு வந்து ஒரு ஆள் பாத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், அங்க சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. ரெண்டு வருஷம் சித்தி 15ந்தேதி எங்க வீட்டுப் பக்கமே வர மாட்டா. அக்காவுக்கு வருதேன்னு பொறாமை எல்லாம் இல்ல, நம்மள ஏன் வேண்டாம்னுட்டாங்கங்கிற சங்கடம். அந்த வண்டி வாங்குன ஆளை சித்தப்பா தேடிப் பிடிச்சு, பேர் மாத்த வச்சு, 2025ல அரசாங்கம் மனு வாங்குன உங்களுடன் ஸ்டாலின் முகாம் வந்தப்போ திரும்ப மனு கொடுத்தாங்க. டிசம்பர்ல ரெண்டாம் கட்டமா கிட்டத்தட்ட 17 லட்சம் பேரை சேத்தாங்கல்ல, அதுல சித்தி பேரும் இருந்துச்சு. ஆனா நடுவுல போன 27 மாசம் போனது தான், 27,000 ரூபா, சித்தி பொண்ணு பத்தாவதோட நின்னதும் அந்த 27 மாசத்துல தான்.

புதுசா சேந்தவங்களுக்கு எங்களுக்கு பட்டது ரெண்டு மூணு சொல்றேன். காசு ஆதார் இணைச்ச கணக்குக்கு தான் போவும், ரெண்டு கணக்கு இருந்தா எது இணைஞ்சிருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க. ஜீரோ பேலன்ஸ் கணக்கான்னு வாய் விட்டுக் கேட்டு உறுதி பண்ணுங்க. கைரேகை வச்சு காசு கொடுக்குற இடத்துல எங்கம்மா மாதிரி பீடி சுத்துறவங்களுக்கு ரேகை தேஞ்சு போய் விழவே விழாது, நாலு தடவை வச்சுப் பாப்பாங்க, அதுக்கு நடுவுல எடுத்துக் கொடுக்க இருபது முப்பதுன்னு வேற கேக்குறாங்க, அதைக் கொடுக்காதீங்க, ஏடிஎம் கார்டு வாங்கி பின் நம்பர் போட பழகிக்கோங்க. அம்மா எங்க ரேஷன் கார்டு கடைசி நாலு நம்பரை பின்னா வச்சிருந்தா, அப்படி வைக்காதீங்கன்னு நான் தான் மாத்தி விட்டேன். மனு தள்ளுபடின்னு வந்த மெசேஜை அழிக்காதீங்க, காரணம் அதுல தான் இருக்கும்.

மார்க்னு கேட்டா அம்மாகிட்ட கேட்டேன் அஞ்சுக்கு எவ்ளோம்மா போடுவன்னு, அவளுக்கு அந்தக் கணக்கு புரியல, நல்லாத் தான் இருக்கு இன்னும் ஒரு ஐநூறு சேத்துக் கொடுத்தா தம்பி ஹாஸ்டலுக்கு ஆகும்னு சொன்னா. நான் நாலு போடுறேன். குறைச்ச ஒண்ணு சித்திக்காக.

சித்தி டிசம்பர்ல வந்த முதல் ஆயிரத்தை இன்னும் எடுக்கவே இல்ல. ஏன்னு கேட்டா அடுத்த மாசமும் வரட்டும், அப்போ தான் நம்புவேங்கிறா. இந்த மாசம் 15ந்தேதி பொங்கலே வருது, 2024 பொங்கலுக்கு பத்தாந்தேதியே போட்டாங்க, அதனால இந்த தடவையும் முந்தியே வந்துரும்னு அம்மா அவகிட்ட சொல்லி வச்சிருக்கா. நேத்து ராத்திரி எங்க வீட்டுக்கு வந்தவ, பேசிட்டு இருக்கும்போதே ரெண்டு தடவை போனை எடுத்து என்கிட்ட நீட்டி, ஏதும் வந்திருக்கா பாரு தாயின்னு கேட்டா.